எண்ணெய் மிச்சமாகும் என்று மாட்டிய ஏர் ஃபில்டர்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்தும் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் பலர், என்ஜின் மூடியைத் திறக்கும் முன்பே குறையைச் சொல்லிவிடுவார்கள். "அண்ணே, ஓப்பன் பாட் மாட்டினேன். எண்ணெய் மிச்சப்படும் என்று கடையில் சொன்னார்கள். இப்போது முன்பைவிட அதிகமாகக் குடிக்கிறது." தோட்டத்து வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்பி ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்வருகிற பிள்ளைகள் இவர்கள். முந்நூறு, நானூறு வெள்ளி (ரிங்கிட்) அவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை. எங்கே பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால், பாதிக் குறைகளை வீட்டு வாசலிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

எண்ணெய் என்று நான் எழுதுவது பெட்ரோலை. கறுப்பெண்ணெயை என்ஜின் ஆயில் என்றே எழுதுகிறேன். ஓப்பன் பாட் என்பது, காரோடு வந்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டும் கூம்பு வடிவ ஃபில்டர். பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் காகித ஃபில்டரை மட்டும் பஞ்சு ஃபில்டராக மாற்றினால் அது டிராப்-இன். நீண்ட குழாய் வைத்து பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கி மாட்டுவது மூன்றாவது வகை. நான் சொல்பவை டர்போ இல்லாத, இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் கார்களுக்கு. டீசல் பிக்கப்பின் கணக்கு வேறு.

மிச்சம் ஏன் வருவதில்லை

குறை தேடுவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால், இல்லாத மிச்சத்தைத் தேடி இன்னும் பணம் போடுவீர்கள்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேல் காற்று. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, காரின் கணினியான இசியு இந்த விகிதத்தை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். காற்று கூடுதலாக உள்ளே போனால் பெட்ரோலையும் கூடுதலாக ஊற்றும். அதிகக் காற்று, குறைந்த எண்ணெய் என்ற விளம்பரப் பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

செம்மோர் சாலையில் நீங்கள் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது என்ஜின் காற்றுக்கு ஏங்கவில்லை. கால் அழுத்தும் அளவுக்குத் திறந்து காற்றை உள்ளே விடும் திராட்டில் தகடு கொஞ்சம்தான் திறந்திருக்கிறது. வெளியே காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். தகட்டுக்கு அந்தப் பக்கம் அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். சுத்தமான காகித ஃபில்டர் அந்த நேரத்தில் வைக்கும் தடை ஒரு கிலோபாஸ்கல்கூட வராது. மடையைப் பாதி அடைத்துவிட்டு வாய்க்காலை அகலப்படுத்தினால் வயலுக்குத் தண்ணீர் கூடுமா? அதே கதைதான்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டர் நன்றாக அடைத்துக்கொண்டிருந்தபோதுகூட எண்ணெய்ச் செலவில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. வேகம் எடுக்கும் திறன்தான் குறைந்தது. அடைத்த ஃபில்டரை மாற்றினால் அது 6 முதல் 11 சதவீதம் மேம்படலாம். அடைத்துப்போன ஃபில்டரே எண்ணெயைக் கூட்டவில்லை என்றால், சுத்தமான ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டுவதால் எப்படிக் குறையும்? கார்புரேட்டர் உள்ள பழைய கார்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் 2 முதல் 6 சதவீதம் வரை மிச்சமாகலாம். அதற்கும் சாதாரணக் காகித ஃபில்டரே போதும்.

ஆகவே நாம் இங்கே தேடப்போவது ஒன்றுதான்: மாட்டிய விதத்தால் வந்த நஷ்டத்தை நிறுத்துவது.

எதையும் தொடுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

"அதிகமாகக் குடிக்கிறது" என்பவரிடம் நான் முதலில் கேட்பது, எவ்வளவு என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. முள் சீக்கிரம் இறங்குகிறது என்பார்கள். முள்ளை நம்பாதீர்கள், தொட்டியின் வடிவத்தால் அது ஒரு பாதியில் மெதுவாகவும் மறுபாதியில் வேகமாகவும் இறங்கும்.

ஒரே நிலையம், முடிந்தால் ஒரே பம்பு. துப்பாக்கி தானாக 'டக்' என்று நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் திணிக்கக் கூடாது. ஓட்டமானியைப் பூஜ்ஜியமாக்கி, அரைத் தொட்டிக்கு மேல் தீர்ந்த பிறகு அதே மாதிரி நிரப்புங்கள். 412 கி.மீ. ஓடியிருக்கிறது, 33.8 லிட்டர் ஏறியது என்றால், 33.8-ஐ 412-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 8.2. நூறு கிலோமீட்டருக்கு 8.2 லிட்டர். இப்படி மூன்று தொட்டிகள் எழுதி வையுங்கள். ஒரே ஒரு தொட்டியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மழை, நெரிசல், ஏர்கோன் எல்லாம் அதில் கலந்திருக்கும். பெரிய டயர் மாட்டியிருந்தால் ஓட்டமானியே குறைத்துக் காட்டும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அறிகுறி: கார் நன்றாகவே ஓடுகிறது, எண்ணெய் மட்டும் கூடியிருக்கிறது

பட்டறைக்கு அதிகம் வருவது இந்தக் குறைதான். இதில் பாதி, குறையே இல்லை.

ஓப்பன் பாட் மாட்டியதும் என்ஜின் மூச்சிழுக்கும் சத்தம் நன்றாகக் கேட்கும். அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று கால் தானாகவே அழுத்தும். கியர் மாற்றுவது நிமிடத்துக்கு 2,500 சுற்றிலிருந்து 3,500-க்குப் போய்விடும். ஓட்டுகிறவருக்கே இது தெரியாது. ஒரு வாரம் வானொலியைச் சற்று சத்தமாக வைத்து, பழைய சுற்றிலேயே கியர் மாற்றி ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். பலருக்குக் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

இரண்டாவதாக, ஃபில்டரை மாட்டும்போது பேட்டரியைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். கழற்றியிருந்தால், இசியு தான் கற்றுவைத்திருந்த திருத்தங்களை மறந்திருக்கும். மீண்டும் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஓட்டம் வேண்டும். முதல் தொட்டியின் கணக்கை ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாவது, ஃபில்டருக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்கள். டயரில் காற்று குறைந்திருக்கலாம். பிரேக் பிடித்தபடியே இருக்கலாம். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் தகிக்கும். என்ஜின் நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்ஜின் சூடாகவே மாட்டாது. இசியு கூடுதலாக எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கும். புது ஃபில்டர் மாட்டிய வாரத்திலேயே இவற்றில் ஒன்றும் வந்துவிட்டால், பழி ஃபில்டர் மேல் விழுந்துவிடும்.

அறிகுறி: நிறுத்தி வைத்திருக்கும்போது என்ஜின் நடுங்குகிறது, எங்கோ 'ஸ்ஸ்' என்று சத்தம்

இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மாட்டிய கையின் அவசரத்தால் வரும் குறைகளில் இதுவே முதல் இடம்.

காருக்குள் போகும் காற்றை இரண்டு விதமாகக் கணக்கிடுகிறார்கள். சில கார்களில் குழாயிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்து, ஓடும் காற்றை நேராக அளக்கும். இது எம்ஏஎஃப். டொயோட்டா வயோஸ் பலவற்றில் இது இருக்கும். வேறு சில கார்களில், திராட்டிலுக்குப் பின்னால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்கிடும் எம்ஏபி சென்சார் இருக்கும். உங்கள் காரில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஃபில்டருக்கும் திராட்டிலுக்கும் நடுவில் குழாயின் மேல் வயர் செருகிய சின்னக் கறுப்புப் பெட்டி இருந்து, அந்த இணைப்பில் ஐந்து கம்பிகள் வந்தால் பெரும்பாலும் அது எம்ஏஎஃப். இரண்டே கம்பிகள் என்றால் காற்றின் வெப்பத்தை மட்டும் அளக்கும் சென்சார்.

எம்ஏஎஃப் உள்ள காரில், சென்சாரைத் தாண்டிய பிறகு குழாயில் ஊசித் துளை இருந்தாலும் தொல்லைதான். அந்தத் துளை வழியே போகும் காற்று கணக்கில் வராது. கணக்கில் வராத காற்றுக்கு எண்ணெய் ஊற்றப்படாது. கலவை மெலிந்துபோய் என்ஜின் நடுங்கும். மெதுவாக நகரும்போது குதிக்கும். எம்ஏபி உள்ள காரில், திராட்டிலுக்கு முன்னால் இருக்கும் துளை தூசியைத்தான் உள்ளே விடும். ஆனால் திராட்டிலுக்குப் பின்னால் உள்ள வேக்குவம் குழாய் கழன்றிருந்தால், நின்றிருக்கும்போதே சுற்று உயர்ந்து நிற்கும்.

சென்ற ஆண்டு லிந்தாங் சாலைப் பக்கமிருந்து ஒரு தம்பி காரைக் கொண்டுவந்தார். எம்ஏஎஃப் உள்ள 1.5 லிட்டர் செடான். தினமும் போக வர 70 கி.மீ., மாதம் 26 நாள். முன்பு நூறு கிலோமீட்டருக்கு 7.4 லிட்டர், இப்போது 8.6. அவர் கணக்கு எழுதி வைத்திருந்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. 1.2 லிட்டர் என்பது கேட்கச் சிறியது. ஆனால் மாதம் 1,820 கி.மீ. ஓடினால் ஏறத்தாழ 22 லிட்டர். லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று வைத்தாலும் 43 வெள்ளிக்கு மேல்.

என்ஜினை ஓடவிட்டுக் காதை வைத்தேன். அலுமினியக் குழாயின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுண்டுவிரல் அளவுக்கு ஒரு முனை திறந்து கிடந்தது. என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் மூச்சுக்குழாய் வந்து சேர வேண்டிய முனை அது. மாட்டியவர்கள் மூச்சுக்குழாயின் வாயில் ஒரு சின்ன ஃபில்டரைச் செருகிவிட்டு, இந்த முனையை மூடாமலே விட்டுவிட்டார்கள். கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். சத்தம் நின்றது. நடுங்கிக்கொண்டிருந்த என்ஜின் இரண்டு மூச்சு விட்டதுபோல் ஏறி இறங்கி, பிறகு அப்படியே அமைதியானது. விரலை எடுத்தால் மீண்டும் நடுக்கம். அந்தத் தம்பியின் கையைப் பிடித்து, அவர் விரலையே அங்கே வைக்கச் சொன்னேன். மூச்சுக்குழாயைப் பழையபடி இந்த முனையில் பொருத்தி இரண்டு பக்கமும் கிளிப் போட்டோம். கைப்பேசியில் பார்த்த திருத்த அளவு, அதாவது இசியு எண்ணெயைக் கூட்டும் அளவு, கூட்டல் 19 சதவீதத்திலிருந்து சில நிமிடங்களில் கூட்டல் 3-க்கு இறங்கியது.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதேதான். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது குழாயின் முழு நீளத்தையும் அடிப்பக்கம் உட்பட விரலால் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர்க் குழாயில் எத்தனை முனைகள் இருந்தனவோ, அத்தனையும் புதுக் குழாயிலும் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ரப்பர் மூட்டுகளை வளைத்துப் பார்த்தால் மடிப்புக்குள் வெடிப்பு தெரியும். கிளிப்புகளை இறுக்குங்கள், ஆனால் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு வேண்டாம். பிறகு என்ஜினை ஓடவிட்டு, சோப்பு நீரை மூட்டுகளில் மட்டும் லேசாகத் தெளித்தால், காற்று போகும் இடத்தில் சத்தம் மாறும், நீர் உள்ளே இழுபடும். வயர் இணைப்புகளின் மேல் படக் கூடாது. பெட்ரோலையோ திராட்டில் கிளீனரையோ தெளித்துச் சோதிக்கும் வழக்கம் உண்டு. சூடான என்ஜினில் அது தீயில் முடியும். நான் அதைச் செய்வதில்லை, உங்களையும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி: செக் என்ஜின் விளக்கு எரிகிறது

காரின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி இணைப்பில் செருகும் புளூடூத் கருவி இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. கைப்பேசியில் குறியீட்டைப் படியுங்கள். படித்ததும் அழித்துவிடாதீர்கள், முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பி0113 வந்தால், காற்று வெப்பச் சென்சாரின் வயரை மீண்டும் செருக மறந்திருக்கிறார்கள் என்றே முதலில் நினையுங்கள். கருவி காற்றின் வெப்பத்தை மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். பேராக்கில் மைனஸ் 40 எங்கிருந்து வரும்? புதுக் குழாயில் அந்தச் சென்சாருக்கு ஓட்டையே இல்லாமல், அதைக் கம்பியோடு கட்டித் தொங்கவிட்ட கார்களையும் பார்த்திருக்கிறேன். அப்படித் தொங்கினால் அது என்ஜின் அறையின் சூட்டைத்தான் அளக்கும், உள்ளே போகும் காற்றை அளக்காது. ரப்பர் வளையம் வைத்து, குழாய்க்குள் முறையாகப் பொருத்துங்கள்.

பி0102 என்றால் எம்ஏஎஃப் சென்சாரின் செய்தி மிகக் குறைவாக வருகிறது. இணைப்பு கழன்றிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம்.

பி0171 என்பது கலவை மெலிந்துவிட்டது என்ற எச்சரிக்கை. இதில்தான் திருத்த அளவைப் பார்க்க வேண்டும். கூட்டல் அடையாளம் என்றால் இசியு எண்ணெயைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. கழித்தல் என்றால் குறைக்கிறது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். நின்றிருக்கும்போது அதிகமாகவும், 2,500 சுற்றில் பிடித்தால் குறைவாகவும் இருந்தால், காற்று கசிகிறது. மேலே சொன்ன விரல் சோதனைக்குத் திரும்புங்கள். நின்றிருக்கும்போது சரியாக இருந்து, வேகம் கூடக்கூடத் திருத்தமும் கூடினால், அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

அறிகுறி: வேகம் எடுக்கும்போது தயங்குகிறது, மேட்டில் இழுக்கவில்லை

எம்ஏஎஃப் சென்சாருக்குள் இருப்பது தலைமுடி போன்ற ஒரு மெல்லிய கம்பி, அல்லது மெல்லிய படலம். மின்சாரத்தால் அது சூடாகவே வைக்கப்பட்டிருக்கும். ஓடும் காற்று அதைக் குளிரவைக்கும். எவ்வளவு குளிர்ந்தது என்பதிலிருந்துதான் காற்றின் அளவு தெரிகிறது. பஞ்சு ஃபில்டரைக் கழுவிவிட்டு அதற்குரிய ஃபில்டர் ஆயிலைத் தாராளமாக ஊற்றினால், அது காற்றோடு பறந்து இந்தக் கம்பியில் ஒட்டும். அதன்மேல் தூசி படியும். கம்பிக்குப் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். காற்று குறைவு என்று சென்சார் பொய் சொல்லும்.

சரிசெய்வது எளிது, பொறுமைதான் தேவை. எம்ஏஎஃப்புக்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் வாங்குங்கள். பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர் இரண்டும் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் கெடுக்கக்கூடும். சென்சாரைக் கழற்றி, தொடாமல், தூரத்திலிருந்து பத்துப் பதினைந்து முறை அடியுங்கள். காதுக் குச்சி கூடாது, துணி கூடாது, காற்றுத் துப்பாக்கியும் கூடாது. அது தானாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். கழுவிய ஃபில்டர் முழுதும் காய்ந்த பின், மடிப்புகளின் முகட்டில் மட்டும் ஃபில்டர் ஆயிலை ஒரு கோடாகப் போட்டு, அது பஞ்சில் பரவக் காத்திருந்து, ஒரு காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காகிதத்தில் ஈரம் பளபளத்தால் ஃபில்டர் ஆயில் கூடிவிட்டது.

கழுவியும் சரியாகவில்லையென்றால் குழாயின் அகலத்தை அளந்து பாருங்கள். சென்சார் குழாயில் ஓடும் காற்று முழுவதையும் அளப்பதில்லை. தன் வழியே போகும் சிறு பகுதியை அளந்து, மீதியைக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு பழைய குழாயின் விட்டத்துக்கு எழுதப்பட்டது. உள்விட்டம் 60 மில்லிமீட்டராக இருந்ததை 70 ஆக்கினால் பரப்பு 36 சதவீதம் கூடிவிடுகிறது. அதே அளவு காற்று ஓடும்போது அதன் வேகம் கால்வாசிக்கும் மேல் குறைகிறது. சென்சார் ஏமாந்துதான் போகும். இதைக் கிளீனர் சரிசெய்யாது. பழைய விட்டமுள்ள சென்சார்த் துண்டைப் புதுக் குழாயில் இணைக்க வேண்டும், அல்லது பழைய பெட்டிக்கே திரும்ப வேண்டும். சென்சாரின் மேலுள்ள அம்புக்குறி என்ஜினை நோக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். திருப்பி மாட்டியவர்கள் உண்டு.

அறிகுறி: காலையில் சரி, மதியம் சாலை நெரிசலுக்குப் பிறகு சோர்ந்துவிடுகிறது

பெட்டியோடு வந்த கார், ரேடியேட்டருக்கு முன்னாலோ விளக்கின் பக்கத்திலோ இருந்து வெளிக்காற்றை இழுக்கும். ஓப்பன் பாட், என்ஜின் அறைக்குள் வெந்துகொண்டிருக்கும் காற்றை இழுக்கும். வெளியே 34 டிகிரி, உள்ளே 65 என்றால் காற்றின் அடர்த்தி ஒன்பது சதவீதம் குறைகிறது. ஃபில்டர் கூட்டித் தரும் என்று கடையில் சொன்ன குதிரைத்திறனைவிட அதிகமாகவே அங்கே போய்விடுகிறது.

சூடான காற்று மட்டும் எண்ணெய்ச் செலவை நேரடியாகப் பெரிதாகக் கூட்டாது. கெடுதல் அடுத்த படியில் வருகிறது. காற்று சூடானால் என்ஜின் 'கட கட' என்று தட்டத் தொடங்கும். தட்டலைக் கேட்ட இசியு, பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். வலு குறையும், கால் இன்னும் அழுத்தும், தானியங்கிக் கியர் கீழே இறங்கும். மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய மலை ஏற்றத்தில் ஏர்கோனோடு போகும்போது இது தெளிவாகத் தெரியும். ஆக்டேன் கூடிய ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் தட்டல் அடங்கலாம். ஆனால் அது சந்தை விலையில் விற்கப்படும் எண்ணெய். மிச்சம் பிடிக்கத் தொடங்கியவர் அதற்கு ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்?

கருவியில் காற்று வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். சாலையில் ஓடும்போது வெளிவெப்பத்தைவிடப் பத்து டிகிரிக்குள் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் நின்றால், ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் தகடு வைத்து மறைத்து, பழைய பெட்டிக்கு வந்த வெளிக்காற்றுக் குழாயை அந்த மறைப்புக்குள் கொண்டுவர வேண்டும். இதைச் செய்து முடித்ததும் ஒன்றைக் கவனிப்பீர்கள்: நீங்கள் கட்டியிருப்பது ஒரு பெட்டி. காரோடு வந்ததும் அதுதானே.

கீழ்ச் சுற்றில் மட்டும் வலு இல்லை, மேலே போனால் சரியாக இருக்கிறது என்பது வேறு. பழைய குழாயின் நீளமும் அதில் தொங்கும் ரெசனேட்டர் என்ற காலிப் பெட்டியும் சத்தத்தை அடக்கும். காற்றின் அலையைச் சீராக்கிக் கீழ்ச் சுற்றுக்கு உதவுவதும் உண்டு. அதை எடுத்துவிட்டால் தோட்டத்து மேட்டுப் பாதையில் கியரைக் குறைத்தே ஏற வேண்டியிருக்கும். திருப்பி மாட்டுவதைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.

அறிகுறி: குழாய்க்குள் செம்மண்

இது அறிகுறியாக வெளியே தெரியாது. தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று நான் மன்றாடும் சோதனை இது.

செம்பனைக் குலை ஏற்றிய லாரி தோட்டத்துச் செம்மண் பாதையில் முன்னால் போக, அதன் பின்னால் நீங்கள் போகும்போது காற்றில் பறப்பது வெறும் அழுக்கு இல்லை. அதில் மணலின் பொடி இருக்கிறது. இரும்பைத் தேய்க்கும் பொடி. மலிவான ஓப்பன் பாட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனை ஊசி முனையாக வெளிச்சம் தெரிந்தால், தூசி போவதற்கும் அதுவே வழி.

வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், திராட்டிலுக்குப் போகும் குழாயின் உட்சுவரைத் துடையுங்கள். துணி வெள்ளையாக வந்தால் நிம்மதி. லேசான என்ஜின் ஆயில் கறை மூச்சுக்குழாயிலிருந்து வருவது, அதுவும் சரி. செங்கல் நிறத்தில் ஒரு பட்டை வந்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்று இருந்தால், அன்றே அந்த ஃபில்டரை எடுத்துவிடுங்கள். அந்தப் பொடி பிஸ்டன் வளையங்களைத் தின்கிறது. சில ஆண்டுகளில் என்ஜின் ஆயில் குறையும், நீலப் புகை வரும், அழுத்தம் இறங்கும், அதற்குப் பிறகு எண்ணெய்ச் செலவும் ஏறும். ஃபில்டரில் மிச்சப்படாத காசு என்ஜின் பிரிப்பதில் ஆயிரக்கணக்கில் போகும்.

காகித ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. வாராவாரம் எடுத்து ஊதாதீர்கள். மேலே லேசாகப் படியும் தூசியே அடுத்த தூசியைப் பிடிக்கும். பலமாக ஊதினால் காகிதம் கிழியும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. தோட்டத்துப் பாதையில் ஓடும் காருக்கு, கையேட்டில் போட்டிருக்கும் இடைவெளியில் பாதியில் புதிது வாங்கிப் போட்டுவிடுங்கள்.

காற்றைச் சுழற்றிவிடும் தகடு, குழாயில் செருகும் விசிறி என்றெல்லாமும் விற்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய் மிச்சக் கருவிகளைப் பல ஆண்டுகளாகச் சோதித்திருக்கிறது. பயன் தந்தவை மிகச் சில, அதுவும் சொற்பமே. உங்கள் குழாயில் அப்படி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். கழன்று விழுந்தால் அது போகும் இடம் என்ஜின்தான்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

பழைய பெட்டியை ஒரு முழுத் தொட்டிக்குத் திருப்பி மாட்டிப் பாருங்கள். எண்ணெய்க் கணக்கு இறங்கினால் குறை புதிய குழாயில். இறங்காவிட்டால் குறை வேறெங்கோ, ஆக்சிஜன் சென்சாரிலிருந்து தேடத் தொடங்கலாம். இதற்காகவே சொல்கிறேன், பழைய பெட்டியை விற்றுவிடாதீர்கள். துடைத்து, நைலான் பையில் கட்டி, பரணில் வையுங்கள். விற்றால் ஐம்பது வெள்ளி வருமோ என்னவோ. தேவைப்படும்போது கிளிப்பு உடையாத ஒன்று கிடைப்பது பெரும்பாடு.

அறிகுறி: மழைநீரில் போனபோது இருமி நின்றுவிட்டது

பம்பருக்குப் பின்னால் ஃபில்டரை இறக்கி மாட்டியவர்கள் இதை மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும். மாலை மழையில் தோட்டத்துப் பள்ளப் பாலத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நின்றாலும், அந்த ஃபில்டர் அதில் மூழ்கிவிடும். என்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும், தண்ணீர் இடம் கொடுக்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும்.

நின்ற காரின் சாவியை மீண்டும் திருப்பாதீர்கள். எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் சரி, திருப்பாதீர்கள். அந்த இரண்டாவது முயற்சியிலும் என்ஜின் சாகலாம். கியரை நியூட்ரலில் போட்டு, நாலு பேர் சேர்ந்து மேட்டுக்குத் தள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஃபில்டரைக் கழற்றிக் குழாய்க்குள் கைவிட்டுப் பாருங்கள். குழாய் உலர்ந்திருந்தால் தண்ணீர் மின்பகுதியில் மட்டும் பட்டிருக்கலாம், உங்கள் அதிர்ஷ்டம். ஈரமாக இருந்தால் லாரி வைத்து இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெயும் பொறியும் வராதபடி துண்டித்துவிட்டு, முதலில் கையால் என்ஜினைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தடையில்லாமல் சுற்றினால் ஸ்டார்ட்டரால் சுற்றலாம். பிளக் ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சி வெளியேறும், முகத்தை அருகில் வைக்க வேண்டாம். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். தே தாரிக் என்ற பால் தேநீர் நிறத்தில் நுரைத்திருந்தால் ஆயிலையும் அதன் ஃபில்டரையும் உடனே மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மீண்டும் ஒரு முறை மாற்ற வேண்டும். பிறகு நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் அளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைவாக வந்தால் அங்கே ராடு வளைந்திருக்கலாம். அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. காப்பீட்டில் வெள்ளத்துக்கான சிறப்பு அபாயப் பிரிவைத் தனியாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று அன்றே ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். முழுக் காப்பீடு என்றாலே வெள்ளமும் அதில் அடக்கம் என்று நம்பி ஏமாந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.